பாசியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, வணக்கம்.

மகள் பி.எஸ்சி. தாவரவியல் இறுதி ஆண்டு படிக்கிறாள், சமையலறைத் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மொட்டைமாடியில் பாசி வளர்க்கிறாள், மேற்படிப்பும் பாசியையும் நானோ துகளையும் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்) வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்வதில்தான் என்கிறாள் என்று போனில் வருத்தப்பட்டீர்கள். இதற்கு வேலை உண்டா என்றும் கேட்டீர்கள். உண்டு. ஆனால் 'நுண்பாசி, நானோ துகள்' என்று பெயர் போட்டு யாரும் ஆள் எடுப்பதில்லை. எந்தப் பெயரில் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வழி கிடைத்துவிடும்.

முதலில் அந்தப் பாட்டிலுக்குள் நடப்பதைப் பாருங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரில் சோறு, எண்ணெய், சோப்பு எல்லாம் இருக்கும். பாக்டீரியா அவற்றைச் சிதைக்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். வெயிலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும், பாக்டீரியா விடும் கரியமில வாயுவையும் தண்ணீரில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸையும் எடுத்துக்கொள்ளும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் இந்த ஆக்சிஜனுக்காக புளோயர் என்ற காற்று ஊதும் இயந்திரத்தை ஓட்டுவார்கள். மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை அதுவே தின்றுவிடும். பாசியை வைத்து இந்தச் செலவைக் குறைக்க, 1950களிலேயே கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்ற பொறியாளர் ஆழமில்லாத குளங்களை வடிவமைத்தார். உங்கள் மகள் விளையாட்டாக எதையோ செய்யவில்லை.

சிக்கல் பாசியைப் பிரிப்பதில்தான். பாட்டிலை ஓர் இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள், பச்சை அவ்வளவு எளிதில் அடியில் தங்காது. குளோரெல்லா என்ற பாசியின் செல் ஒன்று 2 முதல் 10 மைக்ரோமீட்டர்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்). எல்லாச் செல்லின் மேலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடும். நானோ துகள் உதவுவது இங்கேதான். இரும்பு ஆக்சைடு துகள்கள் செல்லில் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தைப் பக்கத்தில் வைத்தால் பச்சை மொத்தமும் ஓரமாக வந்து ஒதுங்கும், தண்ணீர் தெளிந்துவிடும். ஆய்வகத்தில் பார்க்கவே அழகாக இருக்கும். அப்புறம் அந்தத் துகளைத் திரும்ப எடுப்பது எப்படி, செலவு கட்டுப்படியாகுமா, தண்ணீரோடு வெளியே போனால் என்ன ஆகும் என்ற கேள்விகள் வரும். வெள்ளி, துத்தநாக ஆக்சைடு துகள்கள் பாசியையே கொன்றுவிடவும் கூடும். ஆக, இந்தப் பகுதி இன்னும் ஆராய்ச்சிதான்.

சம்பளம் தரும் வேலை கழிவுநீரில் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, நம் நாட்டு நகரங்களில் தினமும் சுமார் 7,200 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,000 கோடி லிட்டர்தான். சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் என இரண்டு இடங்களில், தினமும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் அளவுக்குச் சுத்தமாக்குகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை தெரிந்தவர்கள் வேண்டும். என்னிடம் வந்த ஒரு மாணவி நானோ பெயருள்ள முதுகலைப் பட்டத்தோடு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். பி.ஓ.டி.க்கும் (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) சி.ஓ.டி.க்கும் (அதே கழிவை வேதிப்பொருளால் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு) என்ன வித்தியாசம் என்று கேட்டதும் திணறிவிட்டாள். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து பி.ஓ.டி. பார்க்க உங்கள் மகள் இப்போதே கற்றுக்கொள்ளட்டும்.

எம்.எஸ்சி.க்குச் சுற்றுச்சூழல் அறிவியல் அல்லது நுண்ணுயிரியல் எடுக்கச் சொல்வேன். நானோவைப் புராஜெக்ட்டில் வைத்துக்கொள்ளலாம். பாசியியலுக்கு நம் ஊரில் வேர் உண்டு: எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் அந்தத் துறையை வளர்த்தார். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே தேசிய மையம் அமைந்தது. ஆராய்ச்சிக்குப் போவதானால் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெறுவது முக்கியம், 2023 முதல் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். தனியார் நிறுவனத்தில் முதல் சம்பளம் இதைவிடக் குறைவாகவே இருக்கும், அதை மறைக்க மாட்டேன். இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் நிலைமை மாறும்.

இந்த விடுமுறையில் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு (எஸ்.டி.பி.) அனுமதி வாங்கி, அவளோடு நீங்களும் போய்ப் பாருங்கள். நாற்றம் அடிக்கும், பரவாயில்லை. அதை ஓட்டுபவரிடம் அவள் என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். சரி, மாடியில் இருக்கும் பாட்டிலை எடுக்கச் சொல்லாதீர்கள். கொசு முட்டையிடாமல் வாயில் மெல்லிய துணி கட்டினால் போதும்.