கோத்தகிரி மாதிரி மலை ஊரில் வளரும் பெண், அஞ்சு பாபி ஜார்ஜ் மாதிரி நீளம் தாண்டுதலில் வர முடியுமா?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு அம்மா. மகள் எட்டாம் வகுப்பு, கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். குறுவட்டப் போட்டியில் நீளம் தாண்டுதலில் முதலிடம், மாவட்டத்தில் மூன்றாமிடம். "இங்கே சமதரையே கிடையாது, குளிர் வேறு. கீழே கொண்டுபோய் விடுதியில் சேர்த்துவிடட்டுமா? மற்ற போட்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டு நீளம் தாண்டுதல் மட்டும் பழகச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இதே மலையில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் தயவுசெய்து இந்த வயதில் பிள்ளையை ஒரே போட்டியில் கட்டிப்போடாதீர்கள். அஞ்சு வளர்ந்த விதத்தைப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

அஞ்சு 1977-இல் சங்கனாசேரிப் பக்கம் சீரஞ்சிறா என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு மரச்சாமான் தொழில். கோருத்தோடு பள்ளியில் கே.பி. தாமஸ் என்ற ஆசிரியரிடம் பழகினார். கோருத்தோடும் நம் ஊர்கள் மாதிரி மலையோரக் கிராமம்தான். கோட்டயம் மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கேரளப் பள்ளித் தடகளத்தில் சாம்பியன் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தாமஸ் சாருக்குப் பின்னாளில், பயிற்சியாளர்களுக்குத் தரும் துரோணாச்சாரியார் விருதும் கிடைத்தது. அதனால்தான் சொல்கிறேன், மைதானம் பெரியதா சிறியதா என்று பார்ப்பதற்கு முன்னால், தினமும் அங்கே வந்து நிற்கிற வாத்தியார் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

அஞ்சு தொடங்கியது ஹெப்டத்லானில். தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர் என்று ஏழும் சேர்ந்த போட்டி அது. 1999-இல் பெங்களூரில் அவர் தேசிய சாதனை படைத்தது மும்முறை தாண்டுதலில். நீளம் தாண்டுதலில் 6.74 மீட்டர் என்ற பெரிய தூரம் 2001-இல் திருவனந்தபுரத்தில்தான் வந்தது. அப்போது அவருக்கு 24 வயது. உங்கள் மகளுக்கு அந்த வயது வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. தடை ஓட்டம் ஓடினால் காலடித் தாளம் வரும், உயரம் தாண்டினால் எழும்பும் பழக்கம் வரும், குண்டு எறிந்தால் இடுப்பும் தோளும் உறுதியாகும். இதெல்லாம் கடைசியில் மணல் குழிக்குத்தான் வந்து சேரும்.

அப்புறம் வரிசையாக வந்தது. 2002-இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம், அதே ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் தங்கம். கணவர் பாபி ஜார்ஜ்தான் பயிற்சியாளர். அவரே மும்முறை தாண்டுதலில் தேசிய சாம்பியன், கைப்பந்து வீரர் ஜிம்மி ஜார்ஜின் தம்பி. 8.95 மீட்டர் தாண்டி உலக சாதனை வைத்திருக்கும் மைக் பவலிடமும் அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்தார்கள். 2003-இல் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் 6.70 மீட்டர், வெண்கலம். உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். இரண்டாவதாக வந்த ரஷ்யாவின் கோட்டோவாவுக்கும் அஞ்சுவுக்கும் நடுவே இருந்தது வெறும் 4 சென்டிமீட்டர். ஸ்கேலை எடுத்து 4 சென்டிமீட்டர் எவ்வளவு என்று மகளிடம் காட்டுங்கள். எழும்புவதற்காகக் கால் வைக்கும் பலகையில் கால் விழுகிற இடம் கொஞ்சம் தள்ளிப் போனாலே அவ்வளவு தூரம் போய்விடும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 தாண்டினார். அவர் வாழ்நாளில் தாண்டிய மிகப் பெரிய தூரம் அதுதான், அன்றைக்குக் கிடைத்தது ஆறாம் இடம். அவருக்கு மேலே ஐந்தாவதாக வந்த மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007-இல் ஒப்புக்கொண்ட பிறகு, அஞ்சுவுக்கு ஐந்தாம் இடம் வந்தது. 2005-இல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப் போட்டியில் 6.75 தாண்டி வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கிய கோட்டோவாவின் பழைய சோதனை மாதிரியைப் பல ஆண்டு கழித்து மறுபரிசோதனை செய்தபோது ஊக்கமருந்து தெரிந்தது. தங்கம் அஞ்சுவுக்கு மாறியது. எனக்கு இது ஆறாத வருத்தம். மேடையில் நின்று கொடி ஏறுவதைப் பார்க்க வேண்டிய நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. மருந்து பற்றி எங்கள் பிள்ளைகளிடம் பேசும்போது இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

2020-இல் அவரே வெளியில் சொன்ன ஒரு விஷயம் உண்டு. அவருக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான். வலி மாத்திரையும் ஒத்துக்கொள்ளாது. அந்த உடம்போடு உலக மேடைக்குப் போயிருக்கிறார். இப்போது அஞ்சுவும் பாபியும் பெங்களூரில் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். அவர்களிடம் பழகிய ஷைலி சிங் 2021-இல் நைரோபியில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 தாண்டி வெள்ளி வாங்கினாள். அஞ்சுவின் 6.83 தேசிய சாதனையோ இருபது ஆண்டுக்கு மேல் நின்றது.

சரி, நம் மலைக்கு வருவோம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ நகரத்தின் உயரமும் ஏறக்குறைய அதேதான். 1968 ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியது அங்கேதான். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, ஓடும் உடம்பைத் தடுப்பதும் குறைவு. அதனால்தான் 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் தாண்டிய தூரத்துக்குப் பக்கத்தில் 'ஏ' என்று குறிப்பு போடுகிறார்கள். நீளம் தாண்டுதலுக்கு ஓடுவது 30, 40 மீட்டர்தான் என்பதால் பிராணவாயு குறைவும் பெரிய இடைஞ்சல் இல்லை. மலையில் பிறந்தது குறை என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது.

உண்மையான தொல்லை குளிரும் மணலும். தை மாதக் காலையில் உடம்பு சூடாகாமல் முழு வேகத்தில் ஓடினால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். கீழே கால் மணி நேரம் வார்ம்-அப் போதும் என்றால் இங்கே அரை மணி நேரம் வேண்டும். ட்ராக் பேண்ட், ஸ்வெட்டரோடு ஓடட்டும், தாண்டும்போது கழற்றட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணல் குழி அப்படியே இறுகிவிடும். மேலே ஈரம் காய்ந்த மாதிரி தெரியும், காலை வைத்தால் கல் மாதிரி இருக்கும். எங்கள் பள்ளியில் தாண்டுவதற்கு முன்னால் பெண்களே மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்குக் கொத்திக் கிளறி, கம்பால் சமன் செய்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். கொத்தாத குழியில் ஒரு தடவைகூடத் தாண்ட விடாதீர்கள், கணுக்கால் போய்விடும். எம்-சாண்டும் வேண்டாம், அதன் கூர்முனைகள் தோலைக் கிழிக்கும்.

மழையில் குழி பயன்படாத வாரங்களில் பழக்க வேண்டியது ஓட்டம். அஞ்சு போன்றவர்களின் தூரத்தில் பெரும் பங்கு பலகைக்கு வரும் வேகத்தில்தான் இருக்கிறது. கடைசிக்கு முந்தைய அடி கொஞ்சம் நீளம், இடுப்பு சற்றே தாழும். கடைசி அடி குட்டை, உடனே எழும்ப வேண்டும். பலகை தேடிக் குனிந்து பார்க்கும் பிள்ளைக்கு அந்த இடத்தில்தான் வேகம் செத்துப்போகும். போன வருடம் என்னிடம் பழகிய ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள் அடிக்கடி பலகையைத் தாண்டிக் கால் வைத்து ஃபவுல் ஆனாள். அவள் ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு செங்கல், பலகைக்கு ஆறு காலடிகள் முன்னால் ஒரு சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான் வைத்தேன். கோட்டில் இடது கால் விழுந்தால் பலகையைப் பார்க்காமலே போகச் சொன்னேன். பார்வையைக் குழிக்கு அப்பால் நிற்கிற சில்வர் ஓக் மரத்தின் நுனியில் வைத்துக்கொண்டாள். ஃபவுல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

விடுதி விஷயம்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் நல்ல வாய்ப்புதான். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் பிள்ளைக்கே போக ஆசை இருக்க வேண்டும், உள்ளூரில் ஒழுங்காகப் பழக்குகிற ஆள் இல்லை என்ற நிலையும் இருக்க வேண்டும். ஆள் இருந்தால் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வரை வீட்டிலேயே இருக்கட்டும். அம்மா கையால் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிற பிள்ளைக்கு உடம்பு நன்றாகவே வளரும். பருவமடைந்த பிறகு ஒரு வருடம் தூரம் குறையலாம். இடுப்பு, எடை, உயரம் எல்லாம் மாறுகிற காலம் அது. அப்போது "போன வருஷம் இதைவிட நல்லா தாண்டினியே" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்தைப் பரிசோதித்து வையுங்கள், கீரை, பேரீச்சை, முட்டை கொடுங்கள்.

அடுத்த குடியரசு தின தடகளப் போட்டிக்குக் கீழே போவதாக இருந்தால், கோயம்புத்தூர் நேரு மைதானம் போன்ற சிந்தெடிக் ஓடுதளத்தில் முன்கூட்டியே ஓரிரு நாள் ஓடிப் பார்க்கட்டும். மண் தரையில் அளந்த ரன்-அப், அதாவது ஓடி வரும் தூரம், அங்கே பொருந்தாது, ஸ்பைக்ஸ் என்ற ஆணி ஷூவின் பிடிப்பில் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் நீளும். தொடக்கக் குறியை ஒன்றிரண்டு பாதம் பின்னால் தள்ளி வைத்து, திரும்பவும் அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.