அந்த 270 ரூபாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை ஏழு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளர். வயது 38. மேலாளராகி இரண்டு வருடம் ஆகிறது. என்னையும் சேர்த்துக் கிளையில் ஏழு பேர். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டுக்கு முன்னால் கிளம்ப முடிவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பத்து மணிக்கு ரீஜனல் ஆபீஸின் வாட்ஸப் குழுவில் அன்றைய பட்டியல் வரும். இன்சூரன்ஸ் ஒன்றுகூடப் பிடிக்காத கிளைகளின் பெயர் சிவப்பில் இருக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது.

போன வாரம், ஓய்வூதியம் தொடர உயிரோடு இருப்பதாக வருடாவருடம் தர வேண்டிய ஆயுள் சான்றிதழுக்காக ஒரு பாட்டி வந்தார். ரயில்வே குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர். மெஷினில் அவருடைய கட்டைவிரல் ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து ஐந்தாறு முறை வைத்துப் பார்த்தார். பின்னால் கூட்டம், போனில் ரீஜனல் ஆபீஸ். "எத்தனை தடவை சொல்றது, நாளைக்கு வாங்க" என்று கத்திவிட்டேன். ஹாலே அமைதியாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் பாஸ்புக்கை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ரெக்கார்ட் ரூமுக்குள் போய் அழுதேன்.

2016 நவம்பரில் கோவையில் ஒரு கிளையில் அதிகாரியாக இருந்தேன். பழைய நோட்டு மாற்றத் தெருமுனை வரை வரிசை. நள்ளிரவு வரை வேலை. மேலாளர் எல்லாருக்கும் இட்லிப் பொட்டலம் வாங்கி வருவார், கேஷ் கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்போதுகூட நான் இப்படி ஆனதில்லை. இப்போது என்னிடம்தான் ஏதோ குறை என்று தோன்றுகிறது. தலைமை அலுவலகம் ஒரு இரண்டாவது சனிக்கிழமை ஆன்லைனில் ரெசிலியன்ஸ், அதாவது மன உறுதிப் பயிற்சி நடத்தியது. மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார்கள். நான்கு நாள் செய்தேன். இத்தனைக்கும் நான் லீவே எடுப்பதில்லை. பி.எல். என்கிற சம்பளத்தோடு கூடிய லீவ் மட்டும் 212 நாள் சேர்ந்திருக்கிறது.

மனதை உறுதியாக்கிக்கொள்ள என்ன வழி? படிக்கப் புத்தகமோ, ஏதாவது தியான முறையோ சொல்ல முடியுமா? வாரம் ஐந்து நாள் வேலை என்று வந்தால் சரியாகிவிடுமா? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் 26 வருடம் வங்கியில் இருந்தவன். போன மாதம் அப்பாவின் திதி. அன்று வந்த ஒரு போன் அழைப்புக்குப் பிறகு, நீங்கள் கேட்டிருக்கும் விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் சின்னக் கேள்விகள். தியானம் செய்யுங்கள், நல்லதுதான். புத்தகப் பட்டியல் எதுவும் தர மாட்டேன். தூங்க நேரமில்லாதவர் கையில் ஒரு புத்தகத்தைத் திணிப்பது கொடுமை. ஐந்து நாள் வாரம் நியாயமான கோரிக்கை, வரட்டும். ஆனால் 2015 செப்டம்பரில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறையானபோதும் இனி மூச்சு விடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். உங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்ததே ஒரு இரண்டாவது சனிக்கிழமையில்தானே. களைத்துப் போனவரின் ஓய்வுநாளை எடுத்துக்கொண்டு களைப்பைப் போக்குவது எப்படி என்று வகுப்பு எடுத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வேலையை விடுவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். இந்த நிலையில் எடுக்கிற எந்த முடிவும் உங்களுடையதாக இருக்காது.

உங்களிடம் ஏதோ குறை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். பர்ன்அவுட் என்கிற சொல்லை 1974-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் எழுதி நிலைநிறுத்தியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களைக் கவனித்து எழுதினார். ஏனோதானோ என்று வேலை பார்த்தவர்கள் அல்ல அவர்கள், வேலையை உயிராக நினைத்து வந்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை வேலையிடம் சார்ந்த நிலை என்றே வரையறுத்தது, நோய் என்று சொல்லவில்லை. மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: சக்தியெல்லாம் வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நாம் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுவது. முதலாவதும் மூன்றாவதும் உங்களுக்கு வந்துவிட்டன. இரண்டாவது முழுதாக வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பாட்டி போன பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பீர்கள். ரெக்கார்ட் ரூமுக்குப் போயிருக்க மாட்டீர்கள். எனக்கு அது வந்திருந்தது, ம. எப்படி இருக்கும் என்று தெரியும்.

2016-ஐப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான இடமே அதுதான். நவம்பர் 8 ராத்திரி அறிவிப்பு, ஒரு நாள் விட்டு 10-ஆம் தேதி கதவைத் திறந்தால் தெருமுனை வரை ஜனம். ஆளுக்கு 4000 ரூபாய் மாற்றிக்கொடுக்க வேண்டும், கையில் நோட்டு இல்லை. இன்றைக்கு நீங்கள் படுகிற பாட்டைவிட அன்றைய வேலை கடினம். 1979-இல் ராபர்ட் காராசெக் என்ற ஆய்வாளர் ஒன்றைக் காட்டினார். வேலை எவ்வளவு கடினம் என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுப்பதில் உன் கைப்பிடி எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். சுமை ஏறி, கைப்பிடியும் போய்விட்டால் அங்கேதான் மனிதர் உடைகிறார். பக்கத்தில் தோள் கொடுப்பவர்கள் இருக்கிறார்களா என்பதையும் பிறகு இந்தக் கணக்கில் சேர்த்தார்கள். அன்று உங்களுக்கு இட்லிப் பொட்டலம் இருந்தது. முன்னால் நிற்கிறவருக்கு இன்று என்ன செய்ய முடியும் என்பது உங்கள் கையில் இருந்தது. இன்று கேபினும் போனும்தான் இருக்கின்றன. யாரோ எங்கோ போட்ட டார்கெட்.

ஒன்று கவனித்தீர்களா? உங்கள் கடிதத்தில் பாட்டி வருகிறார், ரீஜனல் ஆபீஸ் வருகிறது, பழைய மேலாளர்கூட வருகிறார். உங்கள் கிளையில் இருக்கிற ஆறு பேரில் ஒருவர்கூட வரவில்லை. "என்னையும் சேர்த்து ஏழு" என்ற எண்ணிக்கையோடு முடிந்துவிட்டது.

அப்புறம் அந்த 212 நாள். என்னம்மா இது? "இத்தனைக்கும் லீவே எடுப்பதில்லை" என்று எழுத எப்படி மனம் வந்தது? சேர்த்து வைத்தால் ஓய்வுபெறும்போது காசாகும், தெரியும். அதற்கு இன்னும் இருபத்திரண்டு வருடம் இருக்கிறது. லீவ் எடுக்காததை ஒரு தகுதியாகச் சொல்கிறீர்கள். நான் போனால் கிளை நின்றுவிடும் என்று நம்புகிறீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

1993, செப்டம்பர் கடைசி. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமக் கிளை. நான் மேலாளர். எனக்குக் கீழே ஒரே ஒரு அதிகாரி, 26 வயதுப் பையன். கல்யாணம்கூட ஆகவில்லை. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, ஒன்று என்னிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. என் சாவியை லீவ் நாளில் அந்தப் பையனிடம் கொடுக்கலாம், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. பேன்ட் பாக்கெட்டில் அந்தச் சாவியின் கனம் தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் நடையே வராது எனக்கு.

27-ஆம் தேதி தம்பி கிளைக்குப் போன் செய்தான். தென்காசியிலிருந்து. "அண்ணே, அப்பா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்காரு." செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிப்பு. முப்பதாம் தேதி ராத்திரி கிளம்பிவிடுகிறேன் என்றேன். பையன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "சார், சாவியக் குடுத்துட்டு நீங்க கெளம்புங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றான். "க்ளோசிங்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவனுக்குத் தெரியாது, வாஸ்தவம். நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

முப்பதாம் தேதி சேவிங்ஸ் லெட்ஜர் டேலி ஆகவில்லை. 270 ரூபாய் வித்தியாசம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது பழைய பாடம். 630-ஐ 360 என்று எழுதியிருப்பார்கள். அன்று கிளார்க் ஒருவர் வராததால் லெட்ஜரில் பாதிப் பதிவுகளை நானே எழுதியிருந்தேன். லெட்ஜரை யாரையும் தொடவிடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சாயங்காலம் போய் ராத்திரி ஆனது. பத்து மணி வாக்கில் ஒரு சலான் என் கைக்குக் கீழேயே கிடந்தது. 630. லெட்ஜரில் என் கையெழுத்தில் 360.

கிளம்பும்போது பத்தரை. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். அன்று விடியற்காலை மகாராஷ்டிரத்தில் லாத்தூர்ப் பக்கம் பூகம்பம், ஊர் ஊராகப் புதைந்துபோன செய்தி. என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. கணக்கு டேலியான நிம்மதியில் பஸ் ஏறித் தூங்கிவிட்டேன். எனக்கு அது வந்திருந்தது என்று சொன்னேனே, மனம் விலகி மரத்துப்போவது, அது இதுதான். தஞ்சாவூர், மதுரை என்று மாறி மாறி ஏறி, காலை ஒன்பதரைக்கு வீட்டுத் தெருவில் திரும்பினால் வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. அப்பாவின் மூச்சு ஐந்து மணிக்கு நின்றிருக்கிறது.

அந்தப் பையன் இப்போது வங்கியில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். திதியன்று மறக்காமல் போன் செய்வான். போன மாதம் பேசும்போது சொன்னான்: "சார், இத்தனை வருஷமா சொல்லல. அந்தச் சலான நான் ஆறு மணிக்கே பாத்துட்டேன். உங்க கையெழுத்து. மூணு நாளைக்கு முன்னாடிதான் திட்டியிருந்தீங்க, சொல்லப் பயமா இருந்துச்சு. பத்து மணிக்கு மனசு கேக்காம உங்க கைக்குக் கீழ தள்ளி வெச்சேன்."

சரி, இருக்கட்டும்.

இப்போது உங்கள் விஷயம். 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வங்கிகளில் முறைகேடு நடக்க வாய்ப்புள்ள முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலைநாள் லீவில் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் பொதுவான அலுவலக மின்னஞ்சலைத் தவிர வேலை சம்பந்தமான எதையும் அவர்கள் தொடக் கூடாது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். முறைகேடு இருந்தால் ஆள் இல்லாதபோது வெளியே வந்துவிடும் என்பதற்காகப் போட்டது. யாருடைய உடம்பையும் மனதையும் நினைத்துப் போட்டதல்ல. ஆனால் இந்த உத்தரவு நடக்க வேண்டுமென்றால், திடீரென்று ஒரு காலை நீங்கள் வராவிட்டாலும் உங்கள் வேலையைச் செய்ய இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தப்பைப் பிடிப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு செய்யத் தெரிந்த வங்கிக்கு, ஒரு மேலாளர் பத்து நாள் தூங்குவதற்கும் அதே ஏற்பாடு போதும் என்று தெரியவில்லை.

அதனால் இதை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். கடன் புதுப்பிப்பு, வாராக்கடன் பட்டியல், ஆடிட் பதில், எல்லாவற்றையும். தப்பு செய்வார். செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்யட்டும். பத்து மணிப் பட்டியலை நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ராத்திரியில் ஒரு பாலிசிகூடக் கூடப்போவதில்லை. காலையில் பாருங்கள், ஏழு பேரும் சேர்ந்து பாருங்கள். மத்தியானம் கேபினில் சாப்பிடாதீர்கள். பிறகு ஜனவரியில் பத்து நாள். சேர்ந்தாற்போல் பத்து நாள், ஞாயிறோடு ஒட்டிய இரண்டு நாள் அல்ல. ரீஜனல் ஆபீஸ் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். பி.எல். உங்கள் உரிமை. மூன்று வாரம் முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள். போகும்போது சாவியை ரிஜிஸ்டரில் எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து போன் வந்தால்தான் எடுக்க வேண்டும். நீங்களாகக் கூப்பிட்டு "எல்லாம் சரியா?" என்று கேட்கக் கூடாது. தூக்கமின்மையும் வயிற்றுப் பிசைவும் பத்து நாளுக்குப் பிறகும் போகவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் லீவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தேய்ந்த விரலில் ரேகை விழாது, அதற்கு அந்தப் பாட்டி என்ன செய்வார்? மெஷின் ஒன்றும் கட்டாயமில்லை. படிவத்தில் அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, ஆளை நேரில் பார்த்தேன் என்று வங்கி அதிகாரி கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் நீங்கள்தான். இது தெரியாமலா மேலாளர் ஆனீர்கள்? தெரியும். கூட்டத்தில், போனில், தோன்றாமல் போயிருக்கும். எழுபது தாண்டியவர்களிடம் வீட்டுக்கே போய்ச் சான்றிதழ் வாங்க வழிசெய்ய வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

மறுநாள் அவர் வந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. நவம்பர் 30-ஆம் தேதிக்குள் சான்றிதழ் பதிவாகாவிட்டால் டிசம்பர் முதல் அவருக்குப் பணம் நின்றுவிடும். கணக்கில் விலாசம் இருக்கும். தனியாகப் போகாதீர்கள், அந்த ஆறு பேரில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள்.