எங்கள் சித்தூர் தாலுகாவில் ஓட்டும் வார்டும்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல உள்ளாட்சித் தேர்தல்களில் பூத் டியூட்டி பார்த்திருக்கிறேன். 2025 டிசம்பர் தேர்தல் முடிந்த பிறகு நம் பக்கத்துத் தமிழர்கள் பலர் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த வரை இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் பொள்ளாச்சி பக்கமிருந்து கொழிஞ்சாம்பாறைக்குக் கல்யாணமாகி வந்தவள். சட்டசபை லிஸ்டில் பேர் இருக்கிறது. பஞ்சாயத்து ஓட்டுப் போடப் போனால் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

இரண்டும் வேறு வேறு லிஸ்ட் அம்மா. சட்டசபை, பார்லிமென்ட் லிஸ்ட் இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது. பஞ்சாயத்து, நகரசபை லிஸ்ட் மாநிலத் தேர்தல் ஆணையத்துடையது. ஒன்றில் சேர்த்தால் மற்றதில் தானாக வராது. கையில் அடையாள அட்டை இருந்தாலும் அந்த லிஸ்டில் பேர் இல்லாமல் ஓட்டுப் போட முடியாது. லிஸ்ட் புதுப்பிக்க அறிவிப்பு வரும்போது பஞ்சாயத்து ஆபீசில் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். பொள்ளாச்சியில் பழைய பெயர் இருந்தால் அதை மறக்காமல் நீக்கச் சொல்லுங்கள். எல்லையில் இருக்கும் நமக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம்.

கேள்வி: சார், என் அம்மாவுக்கு மலையாளம் வாசிக்க வராது. சின்னத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார். வேட்பாளர் பெயரைத் தமிழில் போட வழியில்லையா? ஆபீசில் மனுவைத் தமிழில் கொடுத்தால் வாங்குவார்களா?

மொழிச் சிறுபான்மையினர் வாழும் இடங்களில் ஓட்டு மெஷினில் ஒட்டும் பெயர்த்தாளில் தமிழோ கன்னடமோ சேர்த்து அச்சிடுகிறார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லி வையுங்கள். உங்கள் பூத்தில் தமிழ் இல்லை என்றால் முன்கூட்டியே தேர்தல் அதிகாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டுப் போடும் நாளில் போய்ச் சண்டை பிடித்துப் பயனில்லை.

மனு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள மாநில அரசு ஆபீஸ்களுக்கும் அப்படியே எழுதலாம். ஆனால் நடைமுறை வேறு. ஒரு ஆபீசில் என் தமிழ் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். எனக்கு மலையாளம் நன்றாகவே எழுத வரும். இருந்தும் எழுதவில்லை. மறுநாள் அதே மனுவின் தலைப்பில் அந்தச் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதிக் கொடுத்து, ரசீது கேட்டேன். வாங்கிக்கொண்டார்கள். எழுதத் தெரிந்தவனே விட்டுக்கொடுத்தால் தெரியாதவர் என்ன செய்வார்? நீங்களும் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் வார்டு கவுன்சிலரிடம் எதைக் கேட்டாலும் 'அது என் கையில் இல்லை' என்கிறார். உண்மையில் அவர் கையில் என்னதான் இருக்கிறது?

பாதி நேரம் அவர் சொல்வது சரியாக இருக்கும். மெயின் ரோடு பொதுப்பணித் துறையுடையது. குழாய்த் தண்ணீர் கேரள வாட்டர் அத்தாரிட்டி. வாய்க்கால் தண்ணீர் அதைவிடத் தூரம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டும். அது இரண்டு மாநில அரசுகள் பேசித் தீர்க்கிற விஷயம். ஆனாலும் வார்டுத் தேர்தல் வந்தால்கூட எல்லாக் கட்சியும் ஆழியாறு தண்ணீரைத்தான் பேசும். நம் வயல் அதை நம்பித்தான் இருக்கிறது, அதனால் நாமும் கேட்டுக்கொண்டு நிற்போம். அந்தச் சத்தத்தில் தெருச் சாக்கடையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

மீதிப் பாதியை விடாதீர்கள். உள்வீதி, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, அங்கன்வாடி, வீட்டு வரி, கட்டட அனுமதி, வீடு கட்ட உதவி, முதியோர், விதவை ஓய்வூதிய விண்ணப்பம் எல்லாம் நகரசபையில்தான். 1996இல் உள்ளாட்சிகளே திட்டம் போடும் 'மக்கள் திட்டம்' தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பதென்று முடிவானது. அதனால் கேரளத்துக் கவுன்சிலர் காசில்லாத கவுன்சிலர் இல்லை. உங்கள் வீதி நகரசபையின் ஆஸ்திப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அவர் நழுவ முடியாது.

கேள்வி: எனக்கு 22 வயது. அடுத்த தடவை சுயேச்சையாக நிற்கலாமா மாமா?

தாராளமாக. சட்டசபைக்குத்தான் 25 வேண்டும், இங்கே 21 போதும். திருவனந்தபுரத்தில் ஆர்யா ராஜேந்திரன் 2020இல் 21 வயதில் மேயரானார். உன் பெயர் அந்த நகரசபை லிஸ்டில் ஏதாவது ஒரு வார்டில் இருக்க வேண்டும். முன்மொழிபவர் நீ நிற்கும் வார்டுக்காரராக இருக்க வேண்டும். செலவு வரம்பு கிராமப் பஞ்சாயத்துக்கு 25,000 ரூபாய், நகரசபைக்கு 75,000 ரூபாய். தோற்றாலும் 30 நாளுக்குள் கணக்குக் கொடுத்துவிடு. கொடுக்காவிட்டால் ஐந்து வருஷம் நிற்க முடியாது. அப்புறம், நீ கண் வைத்திருக்கும் வார்டு அடுத்த தடவை பெண்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ ஒதுக்கப்படலாம். பக்கத்து வார்டு மக்களையும் இப்போதே பழகிக்கொள்.

கேள்வி: நோட்டா உண்டா?

உள்ளாட்சியில் இல்லை. பஞ்சாயத்தில் கிராமம், பிளாக், ஜில்லா என மூன்று ஓட்டு. ஏதாவது ஒன்றை விட நினைத்தால் கடைசியில் 'எண்டு' பட்டனை அமுக்கலாம். நகரசபையில் ஒரே ஓட்டு என்பதால் அதுவும் கிடையாது.

கேள்வி: பாலக்காடு டவுனில் நகரசபைக்கு ஒரு கட்சி, சட்டசபைக்கு வேறு கட்சி என்று ஜனங்கள் மாற்றிப் போடுவது குழப்பம் இல்லையா?

எனக்கு அதில் தெளிவுதான் தெரிகிறது. அங்கே 2015இல் நகரசபை பா.ஜ.க. கைக்கு வந்தது. 2020இலும் அவர்களே வென்றார்கள். சட்டசபைத் தொகுதியில் 2011, 2016, 2021 மூன்று தடவையும் காங்கிரஸ்தான். 2021இல் 'மெட்ரோ மேன்' இ. ஸ்ரீதரன் போன்ற பெரிய ஆள் பா.ஜ.க.வுக்காக நின்றும் 3,859 ஓட்டில் தோற்றார். தொகுதியில் டவுனோடு சுற்றுப் பஞ்சாயத்துகளும் சேர்ந்திருப்பது ஒரு காரணம். வார்டில் ஆளைப் பார்த்தும் சட்டசபைக்குக் கட்சியைப் பார்த்தும் போடுகிறவர்கள் இருப்பது இன்னொரு காரணம்.

கேள்வி: பேருக்குத்தான் பெண் மெம்பர், வேலையெல்லாம் வீட்டுக்காரர் பார்க்கிறார். 50 சதவீத ஒதுக்கீட்டால் என்ன பிரயோஜனம்?

அப்படிப்பட்ட வார்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 2010இல் கேரளத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்று வந்தபோது இருந்த நிலை இன்று இல்லை. குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் கணக்கு எழுதி, பேங்க் மேனேஜரோடு வாதாடிப் பழகியவர்கள் இப்போது கவுன்சிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு வீடாகப் பிளாஸ்டிக் வாங்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு வார்டு வேறு யாருக்குத் தெரியும்? மூணாறை நினைத்துப் பாருங்கள். 2015 செப்டம்பரில் போனசுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். யூனியன் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வைத்துக்கொண்டு, இரண்டே மாதத்தில் உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள், சிலர் வென்றும் காட்டினார்கள். உங்கள் வார்டில் வீட்டுக்காரர் பேச வந்தால், 'மெம்பரம்மா வரட்டும், அவரிடம் சொல்கிறோம்' என்று சொல்லிக் காத்திருங்கள். நாமே வீட்டுக்காரரிடம் மனு கொடுத்துவிட்டு ஒதுக்கீட்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி: கிராமசபைக்குப் போய் என்ன ஆகப்போகிறது? டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதுதானே?

வீடு, ஆடு, கோழி, கிணறு என்று யார் யாருக்கு உதவி போகும் என்ற பட்டியல் அங்கேதான் நிறைவேறுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை கூட்டத் தவறினால் மெம்பர் பதவியே போகும். வார்டு ஓட்டர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் 'கோரம்', அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை, நிறையும். ஆள் குறையும்போது வீட்டுக்கு நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நோட்டு உங்கள் வாசலுக்கு வந்தால் போடாதீர்கள். நேரில் போங்கள், கோரிக்கையைத் தமிழில் இரண்டு பிரதி எழுதிக் கொண்டுபோங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.