பழைய டீசல் எஞ்சின்கள் கிளம்பும்போது ஏன் அவ்வளவு கரும்புகை கக்கின?

திருச்சி பக்கம் ரயில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின்தான். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு, 2,600 குதிரைத்திறன். டிரைவர் நாட்ச், அதாவது விசையைக் கூட்டும் கைப்பிடியின் படி, ஏற்றியதும் டீசல் உடனே கூடுதலாகப் பாயும். ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போசார்ஜர் வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரியும், அதுதான் அந்தப் புகை. எங்களுக்குக் கொண்டாட்டம், ஜன்னலோர வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குத் திண்டாட்டம்! மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 அதே ஆல்கோ குடும்பத்துச் சின்னத் தம்பி.

அப்புறம் பாதைகள் அகலமாகி, மின்கம்பியும் வந்துவிட்டது. இப்போது அதிகம் தென்படும் டபிள்யூஏபி-7 மின்சார எஞ்சினுக்கு 6,000 குதிரைத்திறனுக்கு மேல். பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். அருமையான எஞ்சின், வேடிக்கை பார்க்கத்தான் சப்பென்று இருக்கும். புகைதான் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நீராவி எஞ்சின் இன்னும் ஏறுகிறது.