செந்நாய் ஏன் நம்மள தொடுறதில்ல?

வணக்கம் சார், எனக்கு பந்தலூர் பக்கம். எங்க ஊர்ல புலி, சிறுத்தைன்னா பயம், ஆனா செந்நாய் கூட்டமா வந்தாலும் யாரும் கண்டுக்கிறதில்ல. பத்து பன்னெண்டு சேந்தா கடமானையே சாய்ச்சிடுது, மனுஷன மட்டும் ஏன் விட்டுடுது? மனுஷ ரத்தத்துல உப்பு ஜாஸ்தி, ருசி கண்ட புலி விடாதுன்னு தாத்தா சொல்வாரு, நெஜமா?

முரளி

அன்புள்ள முரளி,

உப்பு கதைய எங்க பாட்டியும் சொல்லிருக்காங்க. மான் ரத்தத்துலயும் மாட்டு ரத்தத்துலயும் கிட்டத்தட்ட அதே உப்புதான், புலிக்கு நம்மகிட்ட புதுசா ஒன்னும் கெடைக்காது. ருசியெல்லாம் இல்லங்க, பழக்கம்.

புலிக்குட்டி ரெண்டு வருஷம் போல அம்மா பின்னாடியே சுத்தும், எதை அடிக்கணும் எங்க கடிக்கணும்னு அங்கதான் கத்துக்கும், அந்த சிலபஸ்ல மான் இருக்கு பன்னி இருக்கு காட்டெருமை இருக்கு, ரெண்டு கால்ல நிமிந்து நடக்குற நாம இல்ல. அதனாலதான் நம்மள பாத்தா பெரும்பாலும் ஒதுங்கிப் போயிடும். வில்லங்கமே நாம குனியும்போதுதான். விறகு பொறுக்க, புல்லறுக்க, வெளிக்கு உக்கார. புதருக்கு மேல முதுகு மட்டும் தெரியுது, பின்னாடி இருந்து பாக்குற புலிக்கு அது மான் முதுகா மனுஷ முதுகா? சுந்தரவனத்துல 80கள்ல தேன் எடுக்கப் போறவங்க தலைக்குப் பின்னாடி முகமூடி மாட்டிக்கிட்டுப் போனது இதுக்குத்தான், புலி முதுகுப் பக்கமாத்தான் பாயும். சிறுத்தை விஷயத்துல இன்னும் மோசம், சின்னப் பசங்க நிமிந்து நின்னாலே அதுக்கு சரியான சைஸ்.

அப்புறம் காயம். 1907ல வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி நேபாளம், குமாவுன் (இப்ப உத்தரகாண்ட்) சேத்து 436 பேர கொன்னதா கணக்கு. செத்தப்புறம் பாத்தா வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி இல்ல, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் போயிருக்கு, யாரோ எப்பவோ சுட்ட குண்டு. நம்ம கூடலூர் பக்கம் ஆள கொன்ன டி23 புலியும் 2021 அக்டோபர்ல மசினகுடி பக்கம் பிடிபட்டப்ப உடம்புல காயத்தோடதான் இருந்துச்சு.

இப்ப உங்க செந்நாய்க்கு வரேன். தெப்பக்காடு பக்கம் ஒரு காலைல ஏழெட்டு செந்நாய் ஒரு புள்ளிமான கிழிச்சுக்கிட்டு இருந்துச்சு, நாங்க முப்பதடி தள்ளி நிக்கிறோம், எனக்கு முட்டி ஆடுது. ஒன்னே ஒன்னு மட்டும் தலைய தூக்குச்சு, மூக்கு பூரா ரத்தம், விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், திரும்ப கறிக்குள்ள தலைய விட்டுடுச்சு. "அது நம்மள கணக்குலயே சேக்காது சார்"னாரு கூட வந்த வாட்சர். எனக்கு என்ன தோணுதுன்னா, பல்லு போன புலி தனியா பட்டினி கெடக்கணும், குனிஞ்சு நிக்கிற ஆள அடிச்சுப் பாக்குது, ஆனா அடிபட்ட செந்நாய்க்கு கூட்டம் அடிச்சதுல ஒரு வாய் கெடைச்சிடும், புது இரைய பரீட்சை பண்ற அவசியமே வரல, குட்டிங்களுக்கும் அந்தப் பாடம் போகல.

கடல்ல ஓர்காவ, அதாவது கொலைகாரத் திமிங்கலம்னு சொல்றாங்களே, அத பாருங்க. கனடா மேற்குக் கரையில ஒரு கூட்டம் மீன் மட்டும் தின்னும், அதே தண்ணியில இன்னொரு கூட்டம் சீல் அடிக்கும், எல்லாம் அம்மா கத்துக்குடுத்தது. காட்டு ஓர்கா ஒரு மனுஷன கொன்னதா பதிவே இல்ல. தொட்டியில அடைச்சு வெச்சதுங்க பயிற்சியாளர்கள கொன்னிருக்கு, ஆக முடியாம இல்ல.

முதலைய இதுல சேக்காதீங்க, அதுக்கு சிலபஸே கெடையாது, தண்ணி ஓரம் எது வந்தாலும் சரி.

செந்நாய் அடிச்ச மான்ல காட்டு ஜனங்க பங்கு எடுத்துக்கிற வழக்கம் முன்ன இருந்துச்சு. தாத்தாவுக்கு அப்படி ஏதாவது கதை தெரியுமான்னு கேட்டு எழுதுங்க, உப்பு கதைய விட அது எனக்கு ரொம்ப வேணும்.