ஆசிட் ராப்பின் 2019 ஸ்ட்ரீமிங் பதிப்பில் நாலாவது பாட்டு 30 நொடியில் நிற்பது ஏன்?

'ஆசிட் ராப்' சிகாகோ ராப் பாடகர் சான்ஸ் த ராப்பரின் மிக்ஸ்டேப், அதாவது பாட்டுத் தொகுப்பு. கோப்பு கெடவில்லை. நாலாவது பாட்டான 'ஜூஸ்' இருந்த இடத்தில் உங்களுக்குக் கேட்கும் அந்த 30 நொடிப் பேச்சு, சான்ஸ் த ராப்பரே வைத்தது. செயலியை அழித்து மறுபடி ஏற்றினாலும் அதேதான் வரும்.

காரணம் சாம்பிள் உரிமை, அதாவது வேறொருவர் பதிவின் துண்டை எடுத்துப் பயன்படுத்தும் அனுமதி. ஜான் லெனனின் 'ஜெலஸ் கை' பாட்டை பாடகர் டானி ஹாதவே மேடையில் பாடிய பதிவின் மேல்தான் 'ஜூஸ்' நிற்கிறது. 2013 ஏப்ரலில் மிக்ஸ்டேப் இலவசமாக வெளிவந்தது, அனுமதி வாங்காமலே ஓடியது. 2019இல் காசு வரும் ஸ்ட்ரீமிங்குக்குக் கொண்டுவந்தபோது அனுமதி தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்பதால் வரும் பணம் அவருடைய சோஷியல்வொர்க்ஸ் அறக்கட்டளைக்குப் போகும் என்று அப்போது அறிவித்தார்.

சரிபார்க்க, பாட்டின் நீளத்தைப் பாருங்கள். முழுப்பாட்டு மூன்றரை நிமிடத்துக்குப் பக்கம். யூடியூபில் அதன் அதிகாரபூர்வ வீடியோவைத் தேடுங்கள், டைம்ஸ் ஸ்கொயரில் எடுத்தது.

அப்புறம் ஒன்று. இரண்டாவது பாட்டு 'புஷா மேன்' நடுவிலும் ஒலி நின்றுபோகும். அதையும் கோளாறு என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். அரை நிமிட மௌனத்துக்குப் பிறகு 'பாரனோயா' என்ற இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கிறது. கொண்டாட்டமாக ஓடிய பாட்டு அறுந்து, இசையமைப்பாளர் நோசாஜ் திங்கின் மங்கலான இசை மெல்ல எழும்பும். கோடை வந்தாலே சிகாகோ தெருவில் யார் சாவார்களோ என்ற பயம் அந்தக் குரலில் இருக்கும். மொத்த மிக்ஸ்டேப்பின் உயிர் அங்கேதான் என்பேன். அந்த மௌனத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

பழைய இலவசக் கோப்பைத் தேடினால் கவனம்: கண்ட தளங்களில் கிடைப்பவை பலமுறை சுருக்கப்பட்டு, தாளத்தட்டின் ஒலி கரகரக்கும்.