3 டன் ஏசிக்கு 20×20 ரிட்டர்ன் கிரில் போதாது

வணக்கம். மெர்வ் 13 ஃபில்டரைப் (மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதற்கான அளவுகோல்) போட்டதிலிருந்து, உங்கள் டல்லாஸ் வீட்டின் 3 டன் சென்ட்ரல் ஏசிக்கு உள்ள ஒரே ரிட்டர்ன் கிரில் (அறைக் காற்று ஏசிக்குத் திரும்பிச் செல்லும் கம்பித் திறப்பு, 20×20 அங்குல அளவுள்ளது) விசிலடிப்பதாக எழுதியிருந்தீர்கள். டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி என்ற வழக்கமான கணக்கில் 1,200 கன அடி காற்று திரும்பி வர வேண்டும். ஃபில்டரின் ஒரு சதுர அங்குலத்துக்கு 2 கன அடி என்று வைத்தால் 600 சதுர அங்குலம் தேவைப்படும் இடத்தில், உங்களிடம் இருப்பது 400 மட்டுமே. மெர்வ் 13 போன்ற நெருக்கமான ஃபில்டருக்கு அந்த 600கூடத் தாராளம் அன்று. ஆகவே இன்னொரு 20×20 கிரிலைத் தனி டக்டுடன் (காற்றுக் குழாயுடன்) சேர்ப்பதையே பரிந்துரைப்பேன். பழைய டக்டிலேயே அதை இணைத்தால், குழாயின் நெருக்கடி அப்படியே இருக்கும். அந்த வேலை முடியும்வரை, காற்றோட்டம் குறைந்து ஏசியின் குளிரூட்டும் காயிலில் பனி உறையாமலிருக்க, தயவுசெய்து மெர்வ் 8 ஃபில்டருக்குத் திரும்பிவிடுங்கள்.